பஸ்ஸில் எழுதியிருந்த ‘லிட்.’

இரண்டாம் வருடத்து டைம்டேபிளில் ‘கம்பெனி லா’ என்று பார்த்ததும் எங்கள் வகுப்பே உச்சுக் கொட்டியது. பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தப் பாடத்துக்கு என்ன பெயர் என்று. அரியர் விழுகிற பாடம். பக்கம் பக்கமாக செக்‌ஷன் நம்பரை உருப்போடுகிற பாடம். “பாஸானா அழகர்கோவில்ல மொட்டை போடுறேன்னு வேண்டிக்கோடி, நான் அப்படித்தான் தப்பிச்சேன்” என்றாள் சீனியர் அக்கா ஒருத்தி. அவள் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டுதலை இன்னும் நிறைவேற்றவில்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை முதல் பீரியட். மேடம் உள்ளே வந்தார். கையில் புத்தகம் இல்லை. அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்ததும் முதல் பெஞ்சைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“காலேஜுக்கு எதுல வந்தே?”

“கவர்மெண்ட் பஸ், மேடம்.”

“அந்த பஸ் யாருது?”

“கவர்மெண்டோடது.”

“பஸ்ல என்ன எழுதியிருக்கு?”

“தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், மதுரை.”

“அதுக்கப்புறம்?”

யாருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி, “லிட். மேடம்” என்றான்.

“அந்த ‘லிட்.’தான் இந்த செமஸ்டர் முழுக்க நாம படிக்கப் போறது” என்றார் மேடம். “பங்கு அரசாங்கத்து கையில இருக்கலாம். ஆனா பஸ் அரசாங்கத்துது இல்ல, அந்தக் கம்பெனியோடது. கம்பெனின்னா அந்த பில்டிங்கும் இல்ல, எம்.டி.யும் இல்ல. தொட முடியாது, பார்க்க முடியாது. ஆனா அது பேர்ல பஸ் வாங்கலாம், கேஸ் போடலாம், கடன் வாங்கலாம். மனுஷன் செத்துப்போவான், அது சாகாது.”

பத்து வருடமாக நான் ஏறி இறங்குகிற பஸ். அன்று சாயங்காலம் ஆரப்பாளையத்தில் நின்றுகொண்டு அதை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. தெளியவும் வேண்டாம்.

*

பிளஸ் டூ வரை நான் தமிழ் வழி. கூட்டுப் பங்கு நிறுமம், அமைப்பு முறையேடு, செயல்முறை விதிகள் என்றெல்லாம் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதியிருக்கிறேன். நிறுமம் என்றால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்லூரியில் அதே சரக்கு மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. மொழி மாறியதில் முதல் வாரம் தடுமாற்றம்தான். அந்தத் தடுமாற்றத்தைப் போக்கிய புண்ணியவான் ஒரு செருப்புக்காரர்.

லண்டன் ஒயிட்சாப்பல் ஹை ஸ்ட்ரீட்டில் தோல் பூட்ஸ் செய்து விற்றவர் ஏரன் சாலமன். வியாபாரம் நன்றாக நடந்தது. 1892-இல் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அவர், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள்: எண்ணிக்கொள்ளுங்கள், சரியாக ஏழு. மொத்தம் 20,007 பங்குகள். வீட்டில் ஆறு பேருக்கும் தலைக்கு ஒன்று. மிச்சம் 20,001 அவருக்கு. தொழிலைக் கம்பெனிக்கு விற்ற விலையில் 10,000 பவுண்டுக்குக் கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். அதாவது கம்பெனிக்கு முதலாளியும் அவரே, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவரும் அவரே.

அடுத்த வருடமே கம்பெனி படுத்துவிட்டது. இருந்த சொத்து கடன் பத்திரக்காரர்களுக்கே சரியாகப் போனது. தோல் சப்ளை செய்தவர்களைப் போன்ற மற்ற கடன்காரர்களுக்குக் காலணா இல்லை. “கம்பெனியாவது ஒன்றாவது, எல்லாம் சாலமன்தானே? அவரிடமிருந்து வாங்கிக் கொடுங்கள்” என்று வழக்கு. கீழே இரண்டு நீதிமன்றங்களும் “ஆமாம், இது வெறும் முகமூடி” என்றன. 1896-இல் பிரபுக்கள் சபை ஒரே குரலாக அதைத் திருப்பிப் போட்டது. முறைப்படி பதிந்துவிட்டால் கம்பெனி வேறு, சாலமன் வேறு. அவ்வளவுதான். இதில் என்னை உலுக்கியது வேறொன்று. அந்த மேல்முறையீட்டைப் போடும்போது சாலமனிடம் கோர்ட் செலவுக்கே காசில்லை. வழக்கின் தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஏழை’ என்று அச்சாகியிருக்கிறது. உலகமெங்கும் கம்பெனிச் சட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு ஓட்டாண்டியின் வழக்கு!

“இப்ப சொல்லுங்க, சாலமன் ஏமாத்துனாரா இல்லையா?” என்றார் மேடம். வகுப்பு இரண்டாகப் பிளந்தது. தோல் கொடுத்தவன் வயிற்றில் அடித்துவிட்டார் என்று ஒரு கட்சி. கம்பெனி பெயரைப் பார்த்துத்தானே கடன் கொடுத்தான், யோசித்திருக்க வேண்டாமா என்று இன்னொரு கட்சி. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அரியர் பாடமாம் அரியர் பாடம்!

அன்றைக்கு ஏழு பேர் இல்லாமல் கம்பெனி இல்லை. நம் நாட்டில் 2013 சட்டம் வந்தபின் ஒரே ஒருவர் போதும், ஒருநபர் கம்பெனி தொடங்கிவிடலாம். தனக்குப் பின் யார் என்று ஒரு பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாவம் சாலமன், கொஞ்சம் தள்ளிப் பிறந்திருந்தால் மனைவி மக்களை எல்லாம் கையெழுத்துக்கு அலைக்கழித்திருக்க வேண்டாம்.

*

இந்தப் பாடம் என் வீட்டுக்குள்ளும் வந்தது.

நான் நாலாவது படிக்கும்போது அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். கூட்டு வியாபாரம், பார்ட்னர்ஷிப். பெரியப்பா வெளியூர் ஆர்டர் ஒன்றை நம்பிக் கடனுக்குச் சரக்கு எடுத்தார். பணம் வரவில்லை. கையெழுத்துப் போட்டது பெரியப்பா. விற்றது எங்கள் வீடு. அப்பா வாங்காத கடனுக்கு எங்கள் வீடு ஏன் போனது என்று எனக்குப் பல வருடம் விளங்கவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார்கள். பெரியப்பா மோசம் செய்துவிட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘வரையறுக்கப்படாத பொறுப்பு’ என்று மேடம் போர்டில் எழுதிய அன்று எனக்குக் கண்ணைக் கரித்தது. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் போடும் கையெழுத்து எல்லாரையும் கட்டும். கடன்காரன் கடையோடு நிற்க வேண்டியதில்லை, வீடுவரை வரலாம். பெரியப்பா யாரையும் மோசம் செய்யவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த ஏற்பாடு அப்படிப்பட்டது. கம்பெனியில் பங்குக்கு நீங்கள் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை எவ்வளவோ அதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. அந்தக் கோட்டைத்தான் ‘லிட்.’ என்று சுருக்கி எழுதுகிறார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். “அப்பா, அப்பவே கடையைக் கம்பெனியாப் பதிஞ்சிருந்தா நம்ம வீடு போயிருக்காதுப்பா.”

அப்பா தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார். “சரி பாப்பா. கம்பெனி பேர்ல பேங்க்ல லோன் கேட்டா மேனேஜர் என்ன கேப்பாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“நீங்களும் சொந்தப் பேர்ல ஒரு கையெழுத்துப் போடுங்கம்பாரு. வீட்டுப் பத்திரத்தைக் கொண்டாங்கம்பாரு.”

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன். சிரித்தார். “உங்கப்பா படிக்காமலே பாஸ். அதுக்குப் பேரு பர்சனல் கேரண்டி. சின்னக் கம்பெனிகள்ல லிமிட்டட் என்கிற கதவைச் சட்டம் சாத்தும், பேங்க் திறந்து வெச்சுக்கும்.” கபூர் எழுதிய பாடப் புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் ஏறியிருக்காது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது ஏறிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. பல வருடத்துக்குப் பிறகு அந்தத் தீபாவளிக்கு நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

*

அதன்பிறகு கேஸ் படிப்பது எனக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதைபோல ஆகிவிட்டது. கேண்டீனில் எல்லாரும் சினிமா பேசுவார்கள். நாங்கள் நாலு பேர் மகாராவைப் பற்றிப் பேசுவோம்.

மகாரா அயர்லாந்துக்காரர். எஸ்டேட் மரத்தை எல்லாம் தன் சொந்தக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, பங்குகளாக வாங்கிக்கொண்டார். மரத்துக்கு இன்ஷூரன்ஸ் மட்டும் தன் பெயரிலேயே எடுத்தார். தீப்பிடித்து எரிந்துபோனது. மரம் உன்னுடையது இல்லையே, கம்பெனியுடையது அல்லவா என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். 1925-இல் பிரபுக்கள் சபையும் அதையே சொன்னது. சாலமனைக் காப்பாற்றிய அதே கோடு மகாராவைக் கைவிட்டது. சட்டம் யாருக்கும் உறவில்லை என்று எனக்குப் புரிந்தது அந்த வழக்கில்தான்.

நியூசிலாந்தின் லீ கதை அழவைக்கும். விமானத்திலிருந்து வயலுக்கு உரம் தூவுகிற கம்பெனி. 3,000 பங்கில் 2,999 அவருடையது. அவரே இயக்குநர், அவரே விமானி. 1956-இல் விமானம் விழுந்து இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் முதலாளியே எப்படித் தொழிலாளி ஆவார்? தனக்குத் தானே வேலை கொடுத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றது பிரிவி கவுன்சில். வேலை கொடுத்தது லீ இல்லை, கம்பெனி. இழப்பீடு அவர் மனைவிக்குக் கிடைத்தது. வகுப்பில் அன்று கைதட்டல். சட்ட வகுப்பில் கைதட்டல் விழும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாம் சீமைக் கதையாகவே இருக்கிறதே என்று ஒருவன் முணுமுணுத்தான். அதற்கென்றே காத்திருந்ததுபோல மேடம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் வழக்கை எடுத்தார். பிரசவ மருத்துவத்தில் பெரும்புள்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 வருடம் துணைவேந்தர். அவர் பெயரில் ஒரு கம்பெனிச் சட்ட வழக்கா? யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பங்குதாரர்கள் 1955-இல் தீர்மானம் போட்டு, அவர் அறங்காவலராக இருந்த ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை தந்தார்கள். நல்ல காரியம், கல்வி வளர்ச்சிக்கு. யாரும் தன் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் எல்.ஐ.சி. வந்து எல்லா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. உச்ச நீதிமன்றமும் திருப்பித் தரச் சொன்னது. கம்பெனியின் மெமோரண்டத்தில் அதற்கு இடமில்லை, இடமில்லாத ஒன்றைப் பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து கைதூக்கினாலும் செய்ய முடியாது. நோக்கம் நல்லதா கெட்டதா என்பது அடுத்த கேள்வி. அடுத்தவர் பணத்தை எதற்கென்று சொல்லி வாங்கினாயோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். ‘அல்ட்ரா வைரீஸ்’ என்று பயமுறுத்துகிற லத்தீன் வார்த்தைக்கு இதுதான் பொருள். கோயில் திருப்பணிக்கு வசூலித்த பணத்தில் ஊருக்குப் பந்தல் போட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்களா மாட்டார்களா? அதேதான்.

*

என்னை மொத்தமாகக் கவிழ்த்த பாடம் ஒரு மாதத்தைப் பற்றியது. 1906 அக்டோபர்.

அந்த மாதம் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் அண்டு கோ கதவைச் சாத்தியது. தலைமுறை தலைமுறையாக நம்பிக்கைக்குப் பேர்போன வெள்ளைக்காரப் பேங்க். கூட்டு வியாபாரம்தான், கம்பெனி கிடையாது. பென்ஷன்காரர்கள், விதவைகள், சின்னச் சின்னச் சேமிப்புக்காரர்கள் எல்லாம் அதில் பணம் போட்டிருந்தார்கள். உள்ளே கணக்கு எப்படி இருக்கிறது என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். போட்டவர்கள் பணத்தை இழந்து நின்றார்கள். அந்த அடியிலிருந்து 1907-இல் பிறந்ததுதான் இந்தியன் பேங்க். நம்மவர்கள் பங்கு போட்டுத் தொடங்கிய கம்பெனியாக.

அதே 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். கப்பலோட்டிய தமிழன் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். கப்பல் தெரியும், செக்கு தெரியும், சிறை தெரியும். ஆனால் அந்தக் கப்பலை வாங்கிய பணம் எப்படிச் சேர்ந்தது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள். ஒரு பங்கு 25 ரூபாய்.

இருபத்தைந்து ரூபாய்! அன்றைக்கு அது சின்னக் காசு இல்லைதான். ஆனால் ஜமீன்தார் மட்டும்தான் சேரலாம் என்கிற காசும் இல்லை. ஊர் ஊராகப் பேசிப் பங்கு சேர்த்தார்கள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், நம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1882-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்து, அந்த ஏட்டை வைத்துக்கொண்டே வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டிருக்கிறார்கள். வ.உ.சி. ஒரு வக்கீல் என்பதை நான் அந்த வகுப்பில்தான் உண்மையாக உணர்ந்தேன். எதிராளியின் சட்டத்தையே ஆயுதமாக எடுத்திருக்கிறார் மனிதர்.

கம்பெனி நிலைக்கவில்லை. எதிர்க் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. 1908-இல் வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி முடிந்தது. சட்டத்தில் கம்பெனிக்கு மரணமில்லை என்று எழுதலாம். அதை நடத்துகிறவர்களைச் செக்கிழுக்க விட்டால் எந்தக் கம்பெனி பிழைக்கும்? மேடம் அன்று பாடம் முடித்தபோது குரல் சற்றுக் கம்மியிருந்தது.

ஒரே மாதம். சென்னையில் கணக்குக் காட்டாத நம்பிக்கை உடைந்தது. தூத்துக்குடியில் ஏட்டில் பதிந்த நம்பிக்கை பிறந்தது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒருவரிடம் பணத்தைத் தருவதற்கு என்னென்ன உறுதி வேண்டுமோ, அதை வரிவரியாக எழுதிவைத்ததுதான் கம்பெனிச் சட்டம். இதைப் புரிந்துகொண்டபின் எனக்கு அதில் ஒரு செக்‌ஷன்கூட வறட்டுத்தனமாகத் தெரிந்ததில்லை.

*

நவம்பரில் வகுப்பையே கம்பெனியாக்கினார் மேடம். நாங்கள் அறுபது பேரும் பங்குதாரர்கள், பப்ளிக் கம்பெனி. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். 21 நாள் முன்பே நோட்டீஸ், நிகழ்ச்சி நிரல், எல்லாம் சட்டப்படி.

முதல் கூட்டம் மூன்றரை மணிக்கு. வந்தது நாலே பேர். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஆயிரம் பேர் வரை உள்ள பப்ளிக் கம்பெனிக்கு ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். சட்டப்படி அரை மணி நேரம் காத்திருந்தோம். கேண்டீன்கார அண்ணனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கலாமா என்று யோசித்தோம். அவரிடம் பங்கு இல்லையே! கூட்டம் தள்ளிப்போனது. எந்த நாளுக்கு? அடுத்த வாரம், அதே கிழமை, அதே நேரம், அதே இடம். இதையும் நாங்களாகச் சொல்லவில்லை, 103-ஆவது செக்‌ஷன் சொல்கிறது.

அடுத்த வாரம் கிட்டத்தட்ட முழு வகுப்பும் ஆஜர். பையன்கள் கம்பெனி பெயரைத் தங்களுக்குப் பிடித்த நடிகர் பெயராக மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பெயரை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு, எதிர்ப்பைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஆதரவு 40, எதிர்ப்பு 14, ஆறு பேர் எந்தப் பக்கமும் இல்லை. பையன்கள் விசிலடித்துவிட்டார்கள். நான் செயலர். எழுந்து நின்று, “பதினாலு மூணு நாப்பத்திரண்டு. ரெண்டு ஓட்டுல தோத்துட்டீங்க” என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் எந்த மார்க்கிலும் கிடைத்ததில்லை.

அட்டெண்டன்ஸில் ப்ராக்ஸி கொடுக்கிற பழக்கம் எந்தக் கல்லூரியில் இல்லை? அன்று வராத தோழிக்கு ப்ராக்ஸியாக வந்த ஒருத்தி எழுந்து பேச ஆரம்பித்தாள். “உட்காரு, ப்ராக்ஸி கூட்டத்துல பேசக் கூடாது. கையைத் தூக்கியும் ஓட்டுப் போட முடியாது, வாக்குச்சீட்டு நடந்தா மட்டும்தான்” என்றார் மேடம். “அப்ப ‘யெஸ் மேடம்’னு சொல்ற ப்ராக்ஸியும் செல்லாதா மேடம்?” என்றது பின் பெஞ்ச். அந்த செமஸ்டர் முழுக்க எங்கள் வகுப்பில் ப்ராக்ஸி குறைந்துபோனதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம்.

*

சத்யம் கம்பெனியின் மோசடிக் கதை வந்தது கடைசி யூனிட்டில். 2009 ஜனவரி 7. ஹைதராபாத்தில் கம்பெனித் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார், கணக்கில் காட்டிய பணம் இல்லை என்று. 7,000 கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் அந்தப் பங்கை வைத்திருந்தவர்கள் கூட்டாக வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார்கள். இங்கே அதே பங்கை வைத்திருந்த ரிட்டயர்டு வாத்தியாருக்கு அப்படிச் சேர்ந்து கேட்க அன்றைக்குச் சட்டத்தில் வழியில்லை. 2013 சட்டத்தின் 245-ஆவது செக்‌ஷன் அந்த வழியைத் திறந்தது. ஒரே ஆடிட்டர் காலகாலத்துக்கும் உட்கார முடியாமல் 139 தடுத்தது. மோசடிக்குப் பத்து வருடம் வரை சிறை என்றது 447.

1956 சட்டத்தில் 658 செக்‌ஷன், 2013 சட்டத்தில் 470. எதற்காக இத்தனை என்று சலித்துக்கொண்டவள்தான் நானும். இப்போது நம்பரைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒருவர் ஏமாந்து நின்றது தெரிகிறது. உருப்போட வேண்டிய அவசியமே வரவில்லை. நடந்த கதையை யாராவது மறப்பார்களா?

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் உதவுவதில்லை. எங்கள் வீட்டிலேயே உதவியது. அம்மா கையில் சுய உதவிக் குழுவில் சேர்த்த 50,000 ரூபாய் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை சொல்லி, தெருமுனையில் புதிதாகத் திறந்த ஒரு நிறுவனத்தில் போட இருந்தார். பேங்க் தருகிற வட்டியைப் போல இரண்டு பங்கு. விண்ணப்பப் படிவத்தை என்னிடம் தந்து நிரப்பச் சொன்னார். என் கண் நேராக அடியில் இருந்த 21 எழுத்து எண்ணுக்குப் போனது.

கம்பெனிகளுக்கு உள்ள அடையாள எண் அது. பார்க்க ஏதோ மந்திரம்போல இருக்கும். பிரித்துப் படித்தால் ஜாதகம். முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனியா இல்லையா என்று சொல்லும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில். பிறகு மாநிலம், பிறந்த வருடம். அதன்பின் வரும் மூன்று எழுத்தில்தான் சூட்சுமம். பப்ளிக்கா, பிரைவேட்டா, அரசாங்கக் கம்பெனியா என்று அங்கே இருக்கும். அந்தப் படிவத்தில் இருந்தது பிரைவேட்.

பிரைவேட் கம்பெனி ஊராரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது. அப்படி வாங்குகிற நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். அந்தப் படிவத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், காசு கட்டாமலே அடிப்படை விவரம் தெரியும். கடைசியாக பேலன்ஸ் ஷீட் தாக்கல் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“அம்மா, இவங்க ஊருக்கே மூணு வருஷமாக் கணக்குக் காட்டல. உனக்கு மட்டும் காட்டுவாங்களா?” என்றேன். அம்மா படிவத்தை வாங்கி நாலாக மடித்து, கொதித்த பால் சட்டியை இறக்கப் பிடிதுணியாக்கிக்கொண்டார். பணம் தபால் ஆபீசுக்குப் போனது. ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்களுக்கு இந்த வசதி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

*

இந்த வருடம் கம்பெனி லா படிக்கப் போகிற தம்பி தங்கைகளே, ஒரு அக்காவாகச் சொல்கிறேன். கைடை முதலில் எடுக்காதீர்கள். அதில் சாலமன் இரண்டு வரியில் செத்துப்போயிருப்பார். கேஸை முழுக் கதையாகப் படியுங்கள். யாருக்கு யார் பணம் கொடுத்தது, எங்கே உடைந்தது, நீதிபதி யார் பக்கம் நின்றார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். ‘பேர் ஆக்ட்’ என்கிற மூலச் சட்டப் புத்தகத்தை ஒரு தடவையாவது புரட்டுங்கள். முதலில் தலை சுற்றும். வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். ‘ஆனால்’ என்று தொடங்கும் விதிவிலக்கை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். பாதி வழக்கு அந்த ‘ஆனால்’களில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிற பில்லின் அடியைப் படியுங்கள். டாஸ்மாக்கும் ஒரு கம்பெனி, ஆவின் கூட்டுறவு. இரண்டும் ஏன் வேறு என்று யோசித்துப் பாருங்கள். மயிலாப்பூரில் 1872-லிருந்து இருக்கிற இந்து பெர்மனென்ட் ஃபண்ட் ஏன் உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்குகிறது என்று தேடிப் பாருங்கள். அப்பா, மாமா, சித்தப்பா யாராவது தொழில் செய்தால், அது சொந்தமா, கூட்டா, கம்பெனியா என்று கேளுங்கள். கேட்டால் ஒரு கதை வரும். எனக்கு ஒரு பெரியப்பாவே திரும்பக் கிடைத்தார்.

செமஸ்டர் முடிந்து ரிசல்ட் வந்தது. எங்கள் வகுப்பில் கம்பெனி லாவில் அரியர் மூன்றே மூன்று. அழகர்கோவிலுக்கு யாரும் போகவில்லை. நான் இப்போது கம்பெனி செயலர் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கபூர் புத்தகத்தையும் என் நோட்டையும் ஜூனியர் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பேர் ஆக்டையும் கேட்டாள். அதை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.